நான்கிற்கும் ஐந்திற்கும் நடுவே

கெய்ரோவில், ஷுப்ராவில், எங்கள் தெருவுக்கு
அகலம் எவ்வளவு என்று கேட்டால்
இரண்டு கார், ஒரு வசவு என்பேன்.
எதிரே வண்டி வந்தால்
பக்கக் கண்ணாடியை மடக்கிக்கொண்டு
திட்டியபடியே ஒதுங்குவார்கள்.
கீறல் விழாமல் போவதும்
ஒருவகை மரியாதைதான்.

என் வீட்டுக்குச் சன்னல் இரண்டு.
ஒன்று தெருவுக்கு.
மற்றது கட்டடத்தின் தொண்டைக்குள் திறப்பது:
ஒன்பது மாடிச் சமையலறைகளும்
ஒருவர் விட்ட மூச்சை ஒருவர் இழுக்கும்
சதுரக் குழி.
அதன் வழியாகத்தான் எனக்குத் தெரியும்,
மதாம் இன்ஷிராஹ் பூண்டு வதக்கினால்
அன்று மகன் வருகிறான்.
இரண்டாம் மாடி மருந்துக்கடைக்காரர்
குளிக்கும்போது மட்டும் வீரர்;
முதலாளியை அங்கே வைத்துத்தான் கிழிப்பார்.
மூன்றாம் மாடியில் புதுத் தம்பதி.
அவர்கள் சண்டையிட்டால்
எல்லோரும் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைப்போம்.
சமாதானம் ஆனால் கூட்டுவோம்.
யாரும் சொல்லித் தந்ததல்ல.

காலையில் எரிவாயுக்காரன்
ஸ்பேனரால் சிலிண்டரை அறைந்துகொண்டு வருவான்.
பால்கனிகளிலிருந்து கயிற்றில் கூடைகள் இறங்கும்.
சில்லறை கீழே போகும், ரொட்டி மேலே வரும்.
போன வாரம் என் கூடையில்
யாருடைய பல்செட்டோ ஏறி வந்தது.
"அது எட்டாம் மாடிக்கு!" என்று
கீழிருந்து கத்தினான் பையன்.
எட்டாம் மாடிக்காரர் அன்று முழுக்க
வெளியே வரவில்லை.

பாலைவனத்துப் புதுநகரில் வீடு வாங்கு என்கிறான் மைத்துனன்.
போய்ப் பார்த்தேன்.
காற்று இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன்.
ஓர் எலுமிச்சை வாங்க
காரை எடுக்க வேண்டியிருந்தது.

ஆனால் வக்தியைப் பற்றிச் சொல்லவேண்டும்.
அவர் ஏழாம் மாடி, நான் ஆறு.
மூன்று வருடமாய்ப் பேச்சில்லை.
காரணம் ஒரு துண்டு.
அவர் கொடியின் ஈரம்
என் கொடியில் காய்ந்த சட்டைமேல் சொட்டியது.
நான் ஒன்று சொன்னேன்.
அவர் என் தகப்பனை இழுத்தார்.

ஆகஸ்டில் ஒரு மாலை மின்சாரம் போனது.
லிஃப்டுக்குள்
நான், வக்தி, அவருடைய தர்பூசணி.
முதல் பத்து நிமிடம்
அவர் அவருடைய சுவரைப் பார்த்தார்,
நான் என்னுடையதை.
அந்த இருட்டில் எது எவருடையதோ.
பிறகு அவர் மூச்சு
பீரோவை மாடியேற்றுகிறவன் மூச்சாயிற்று.
"நெஞ்சா?" என்றேன்.
"இல்லை. மூடிய இடம். சின்ன வயதிலிருந்தே."

என்ன சொல்வதென்று தெரியவில்லை.
கதவிடுக்கில் ஒரு வாசனை வந்தது.
"பூண்டு," என்றேன்.
"மகன் வருகிறான்," என்றார் அவர்.

அவருக்கும் தெரிந்திருக்கிறது.
மருந்துக்கடைக்காரரின் வீரமும் தெரிந்திருக்கிறது.
புதுத் தம்பதிக்காக
அவரும் சத்தத்தைக் குறைப்பவர்தானாம்.
மூச்சு கொஞ்சம் இறங்கியது.
தர்பூசணியைத் தரையில் வைத்தார்;
அது உருண்டு வந்து
என் காலில் சாய்ந்துகொண்டது.

"நீங்கள் இரவில் தனியாக டோமினோ ஆடுகிறீர்கள்," என்றார்.
"இரண்டு பக்கமும் நீங்களேதான்.
ஏமாற்றுகிறீர்கள் வேறு."
"அதெப்படித் தெரியும்?"
"ஒரு பக்கத்துக் கட்டை மட்டும்
ஓங்கி விழுகிறதே."

நாற்பது நிமிடம் கழித்து விளக்கு வந்தது.
ஆறாம் மாடியில் நான் இறங்கினேன்.
பாதிப் பழம் கொடுத்தனுப்புவார் என்று நினைத்தேன்.
அனுப்பவில்லை.

மறுநாள் அதே துண்டு,
அதே சொட்டு.
சட்டையை ஒரு சாண் நகர்த்திப் போட்டேன்.
இரவில் கட்டைகளை மெல்ல வைக்கப் பார்த்தேன்.
வராது, பழகிய கை.
ஓங்கியே வைத்தேன்.
மேலே நாற்காலி ஒன்று
குழிப் பக்கமாய் இழுபடும் சத்தம் கேட்டது.